நான்காம் நம்பர் ரோலர்

தொட வேண்டாம் என்று
நாலு மொழியில் எழுதியிருந்தது.
அதில் தமிழ் இல்லை.
தொட்டேன்.

சைரன் அலறியதும்
தங்கச்சி பவளராணி
மூத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு
தூண் பக்கம் போய் நின்றாள்,
என்னைத் தெரியாதவள் போல.

மூன்று கிழமை விசாவில்
அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள் நான்.
கூட்டிப்போன இடமெல்லாம் போனேன்.
பூமி சுற்றுவதைக் காட்டவென்று
கூரையிலிருந்து தொங்கியது ஒரு பித்தளைக் குண்டு.
அரை மணி நேரம் நின்று பார்த்து
நம்பினேன்.
படங்கள் மாட்டிய மாளிகையில்
எங்கள் மலை என்று ஒரு பச்சை,
அதில் கொழுந்தெடுக்கும் ஆறு பெண்கள்.
கூடைக் கயிறு யார் தலையிலும் இல்லை,
கூடை சும்மா காற்றில் நின்றது.
ஒருத்தி காலிலாவது
அட்டை கடித்த தடம் இருக்குமா என்று தேடினேன்.
வரைந்தவரின் பெயர் இருந்தது,
பிறந்த வருடம், இறந்த வருடம்.

பிறகுதான் இந்த இரும்புக் கட்டடம்.
நீராவி எஞ்சின், தறி, தந்தி மெஷின்
எல்லாம் தாண்டி ஒரு மூலையில்
விளக்கு வெளிச்சத்தில் நின்றது
பொகவந்தலாவை ஸ்டோரில்
ராவு ஷிப்டில் நான் அதட்டி ஓட்டும்
நான்காம் நம்பர் ரோலர்.
அதே வார்ப்பு, அதே மூன்று கால்.
சாயம் மட்டும் புதுசு.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது.

"இப்ப பாவனையில் இல்லையாம்"
என்று தங்கச்சி அட்டையை வாசித்தாள்.

குனிந்து கிராங்கைப் பார்த்தேன்.
தேயாத புஷ்.
எங்களுடையதில் அது தேய்ந்துபோய்
பங்குனியிலிருந்து
லொறி டயர்த் துண்டை மடித்து வைத்து ஓட்டுகிறோம்.
தொரைக்குச் சொன்னால் கொழும்புக்கு எழுதுவார்.
கொழும்பு சொல்லும்:
இந்த மாடலுக்கு உதிரி
உலகத்திலேயே இல்லை.

உலகத்தில் இருக்கிறது.
கயிற்றுக்கு அந்தப் பக்கம்
ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

காவலாளி வந்தான்.
அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான பெண் வந்தாள்.
இரண்டு கையையும் வட்டமாகச் சுழற்றி
கொழுந்து நசுங்குவதைக் காட்டினேன்.
"கீழ்த் தட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கீங்க"
என்றேன். தங்கச்சி பாதியை மொழிபெயர்த்தாள்.
அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்,
முழுவதையும்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து
ஒரு கடிதம், ஃபோனில்.
தட்டைத் திருப்பிவிட்டோம், நன்றி.
ஒரு வேண்டுகோள்:
அது ஓடும்போது எப்படிச் சத்தம் போடும்?
இங்கே யாரும் கேட்டதில்லை.

புஷ்ஷைத் தந்தால் சத்தம் தருகிறேன் என்றேன்.
சேகரிப்பிலிருந்து எதையும் கழற்ற முடியாதாம்,
வருந்துகிறார்களாம்.
அளவையாவது கொடுங்கள் என்றேன்.
மறுநாளே வந்தது,
மயிரிழை பிசகாத வரைபடம்.
ஹட்டனில் நிலாம்தீன் நானா
லேத்தில் கடைந்து தந்தார்,
காசு அடுத்த சம்பளத்துக்கு.

மாட்டுவதற்கு முந்தின இரவே
சத்தத்தைப் பதிந்தேன்.
மாட்டினால் அது இவ்வளவு கத்தாது.
தகரத்தில் மழை, இரும்பு, ஈர இலை,
நடுவில் மரியபுஷ்பத்தின் குரல்:
"அடேய் சிவனு, பெல்ட்ட மாத்தச் சொன்னா
எங்கடா போய்த் தொலஞ்ச?"
அதை வெட்ட எனக்குத் தெரியவில்லை.
அப்படியே அனுப்பினேன்.

இப்போது அங்கே
ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களாம்.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அமுக்குகிறார்களாம்.
நாளைக்கு நாற்பது தடவை
சிவனுவைத் தேடுகிறாள் மரியபுஷ்பம்.

சிவனுவிடம் சொன்னேன்.
"டீ குடிக்கத்தானே போனேன்" என்றான்,
"அதையும் அந்த அட்டையில
எழுதிப் போடச் சொல்லு."